கடல் கடந்த தாயாதிகள்

(பெங்களூரில் நடந்த குடும்ப சந்திப்பில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாடு போய்வந்த அனுபவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கோ" என்று செயலாளர் சொன்னார். இந்த மேடையில் வெளிநாடு என்றால் பெரும்பாலும் அமெரிக்காதான். பிள்ளை அகத்திலோ பெண் அகத்திலோ ஆறு மாசம், நடுவில் நயாகரா, பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயில் என்று நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நான் போனது மலேசியா. அதுவும் ஊர் பார்க்க இல்லை. என் தாத்தாவின் தம்பி குடும்பத்தைப் பார்க்க. எனக்கு இப்போது வயது எழுபது. அவர்களை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்பதைச் சொன்னால்தான் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அதில் எங்கள் பக்கத்துத் தப்பும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன அக்ரஹாரம். கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் தாத்தா. இளையவரை நாங்கள் "மலாயா தாத்தா" என்போம். கொள்ளுத்தாத்தா 1930-ல் காலமானபோது நிலத்தின் மேல் கடன் இருந்தது. இளையவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். உள்ளூரில் வேலை இல்லை. மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷங்கள் அவை. 1934-ல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் வந்தபின் விலை ஏறத் தொடங்கியது. தோட்டங்களில் மறுபடி ஆள் எடுத்தார்கள். 1935-ல் அவர் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார்.

ராஜுலா என்ற பெயரை இங்கே சில பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் போய்வந்தது. அதற்குப் பின்னால் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அத்தோடு அந்தக் கப்பலின் பயணிகள் சேவை முடிந்தது. அவர் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் போன தூரத்தை நாங்கள் தேவனஹள்ளியிலிருந்து நாலு மணி நேரத்தில் கடந்தோம்.

கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் அவருக்கு கிராணி வேலை. குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் நிறைந்திருந்த வேலை அது. மாசா மாசம் ஊருக்கு மணியார்டர் வரும். அந்தப் பணத்தில்தான் நிலத்துக் கடன் அடைந்தது. அந்தப் பணத்தில்தான் ஊர் அகத்துக்குப் புது ஓடு மாற்றி, ரேழியில் தளம் போட்டார்கள். இது வாய்வழியாக வந்த கதை இல்லை. மணியார்டரோடு அவர் எழுதியனுப்பிய குறிப்புகளை என் அப்பா டிரங்குப் பெட்டியில் கட்டி வைத்திருந்தார். கடைசிக் குறிப்பு 1941 நவம்பர்.

1941 டிசம்பர் 8-ம் தேதி கோத்தபாருவில் ஜப்பான்காரன் இறங்கினான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. அதற்கப்புறம் 1945 செப்டம்பர் வரை மலாயா முழுக்க அவன் ஆட்சி. கடிதம் இல்லை, பணம் இல்லை, ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. 1946-ல் ஒரு கடிதம் வந்தது. மனைவி, ஒரு பையன், தான் மூவரும் பிழைத்திருப்பதாக எழுதியிருந்தார். கீழே ஒரு மன்னிப்பு. ஊருக்கு அனுப்பச் சேர்த்து வைத்ததெல்லாம் ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு, அது காகிதமாகப் போய்விட்டது, அண்ணா தப்பாக நினைக்கக் கூடாது என்று. வாழைமரம் போட்ட நோட்டு அது. யுத்தம் முடிந்த அன்றே அதற்கு மதிப்பில்லை.

இப்படிப்பட்ட மனுஷருக்கு நாங்கள் என்ன செய்தோம்? தாத்தா 1966-ல் காலமானார். 1968-ல் என் அப்பா ஊர் அகத்தை விற்றார். பெங்களூரில் வேலை, ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, என் அக்கா கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரணங்கள் எல்லாம் வாஸ்தவம். ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுதவில்லை, ஒரு ரூபாய் பங்கு கொடுக்கவில்லை. யார் மூலமோ செய்தி அங்கே போயிருக்கிறது. 1969-ல் அவரிடமிருந்து ஒரு ஏர் லெட்டர் வந்தது. பணம் கேட்கவில்லை. "அப்பா சந்தி பண்ணின பஞ்சபாத்திரம் உத்தரணியை மட்டும் யார் மூலமாவது அனுப்பி வை" என்று கேட்டிருந்தார். அப்பா பதில் போடவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். 1974-ல் மலாயா தாத்தா காலமான செய்தி தபாலில் வந்து சேர்ந்தபோது பத்து நாள் கடந்திருந்தது. அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஜலம் விட்டுக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கும் பதில் போகவில்லை.

அப்பா 1996-ல் போனார். அந்த டிரங்குப் பெட்டி என் கைக்கு வந்தது. கடிதங்களைப் படித்தேன். படித்துவிட்டு நானும் கட்டி உள்ளே வைத்துவிட்டேன். இருபத்தேழு வருஷம்! அப்பாவைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. அந்தப் பஞ்சபாத்திரத்தில்தான் நான் தினமும் சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

என் பேரன் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். வரைந்துகொண்டே வந்தவன், "தாத்தா, இந்தப் பக்கம் கிளை வெறுமனே இருக்கே, இவாளுக்கெல்லாம் யாரும் இல்லையா?" என்று கேட்டான். "இருக்கா" என்றேன். "அப்போ பேர் சொல்லு" என்றான். எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் விசாரிக்க ஆரம்பித்தேன். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். எங்கள் கோத்திரத்தையும் ஊர்ப் பெயரையும் சொன்னதும், "பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமா இருக்கார், எண்பத்தைந்து வயசு இருக்கும்" என்றார்கள். எண் வாங்கித் தொலைபேசியில் பேசினேன். யார் என்று சொன்னதும் எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வாங்கோ" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

2025 ஏப்ரல் கடைசி வாரம், பேரன் லீவில், நான், என் ஆத்துக்காரி, பிள்ளை, நாட்டுப்பெண், பேரன் ஐந்து பேரும் கிளம்பினோம். போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் இரண்டொரு விஷயம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் முப்பது நாள் வரை விசா தேவையில்லை. 2026 முடிய இந்தச் சலுகை என்று அறிவித்திருக்கிறார்கள். கிளம்புமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் கணினியில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. மருந்துகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அங்கே காய்கறிப் பதார்த்தம் என்று எழுதியிருந்தாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்க்கும் வழக்கம் உண்டு. சைவ ஹோட்டலா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல சைவச் சாப்பாடு வாழை இலையிலேயே கிடைக்கும்.

பஞ்சபாத்திரத்தைக் கைப்பையில்தான் எடுத்துப் போனேன். சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். துணியைப் பிரித்துக் காட்டினேன். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பூஜா சாமானா?" என்று கன்னடத்தில் கேட்டு அனுப்பிவிட்டாள்.

சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 1939-ல் அங்கேயே பிறந்தவர். எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்ததும் என் ஆத்துக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என் அப்பாவின் மூக்கு, என் அப்பாவின் காது. அபிவாதயே சொல்லி நமஸ்காரம் பண்ணினேன். கோத்திரம் சொல்லி முடித்ததும் அவர் தலையை ஆட்டினார். பிறகு, "பசியாறிட்டேளா?" என்று கேட்டார். அந்த ஊர்த் தமிழில் சாப்பிட்டாயிற்றா என்பதற்கு அதுதான் வார்த்தை. ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். கிராமத்தைக் கம்பம் என்கிறார்கள். நடுநடுவே நம் அகத்துப் பேச்சும் கலந்து வருகிறது.

அவர் பிள்ளை எனக்குத் தம்பி முறை. ஐம்பது வயது. அவர் பெண்ணுக்குப் பதினைந்து வயது. முறைப்படி என் பேரனுக்கு அவள் அத்தை ஆகவேண்டும்! பதினோரு வயசுப் பையன் பதினைந்து வயசுப் பெண்ணை "அத்தை" என்று கூப்பிட, அவள் சிரித்த சிரிப்பில் முதல் நாள் இறுக்கம் போயிற்று. "அங்கிள்", "கஸின்" என்று ஒரே வார்த்தையில் எல்லாரையும் அடக்கிவிட்டால் இந்தச் சிரிப்பு ஏது?

அன்று சாயங்காலம் கடிதங்களையும் பஞ்சபாத்திரத்தையும் சித்தப்பா முன்னால் வைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அகம் விற்றது, பங்கு தராதது, கடிதத்துக்குப் பதில் போடாதது, நான் இத்தனை வருஷம் மூடி வைத்தது எல்லாம். சித்தப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. 1969 கடிதத்தைப் படிக்கச் சொல்லி நீட்டினார். என் பேரன் பக்கத்தில் இருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. பெங்களூரில் கன்னடம், ஹிந்தி, இங்கிலீஷ் எழுதப் படிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. என் பிள்ளைக்கும் தட்டுத் தடுமாறித்தான். அந்தப் பதினைந்து வயசுப் பெண் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை நிற்காமல் படித்தாள். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1816-ல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் அந்த நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. 1924-ல் நரசிம்ம ஐயங்கார் என்பவர் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019 ஜனவரி வரை வந்தது. மலாயா தாத்தா கடைசி வரை அதைப் படித்தாராம். சேலத்தைத் தாண்டினால் ஓசூர், ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் அகத்துக் குழந்தைகளுக்கு மலாயா தாத்தாவின் கடிதத்தைப் படிக்க மலேசியாவிலிருந்து ஆள் வேண்டியிருக்கிறது!

கடிதம் முடிந்ததும் சித்தப்பா பேசவில்லை. சித்தி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள்: "மாமனார் ரெண்டு வருஷம் தபால்காரன் வர நேரத்துக்கு வாசல்லயே நின்னுண்டிருப்பார். நான் அப்போ புதுசா வந்த நாட்டுப்பெண். யார்கிட்டேர்ந்து கடுதாசுன்னு கேட்டா சொல்லமாட்டார்." அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்து, "பங்கு கிங்கெல்லாம் பேசாதே. நாளன்னிக்கு அமாவாசை. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. விச்வாவஸு வருஷம் சித்திரை அமாவாசை. கூடத்தில் இரண்டு மணை, இரண்டு தாம்பாளம். பஞ்சபாத்திரத்தை சித்தப்பா தம் பக்கம் வைத்துக்கொண்டார். ஸங்கல்பத்தில் தேசத்தைச் சொல்லும் இடம் வந்தபோது சற்று நின்று, "இங்கே நாங்க வேற மாதிரி சொல்லுவோம், நீ உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றார். பிறகு பித்ருக்களின் பெயர்கள். உங்களுக்குத் தெரியும், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறை. நான் முதலில் என் அப்பா பெயரைச் சொன்னேன். அவர் தம் அப்பா, அதாவது மலாயா தாத்தா பெயரைச் சொன்னார். நான் இரண்டாவதாக என் தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் இரண்டாவதாகச் சொன்ன பெயரை நான் மூன்றாவதாகச் சொன்னேன். ஒரே பெயர். தொண்ணூற்றைந்து வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர் ஜில்லாவில் கடனோடு கண்ணை மூடிய அந்த மனுஷருக்கு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரே கூடத்தில் இரண்டு வம்சமும் எள்ளும் ஜலமும் விட்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. என் காலத்துக்குப் பின் என் பிள்ளை தர்ப்பணம் பண்ணும்போது முதலில் என் பெயர் ஏறும். கொள்ளுத்தாத்தா பெயர் இறங்கிவிடும். சித்தப்பா பிள்ளைக்கு இன்னும் ஒரு தலைமுறை அந்தப் பெயர் இருக்கும். ஆனால் அவரும் என் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பொதுவாகச் சொல்ல ஒரு பெயர்கூட இராது. சாஸ்திரப்படி தாயாதி என்பது ஏழு தலைமுறை வரைக்கும். நாக்கில் பெயர் நிற்பது மூன்று தலைமுறைதான். அந்த மூன்றாவது பெயர் நம் நாக்கில் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும். நான் கடைசிப் படியில் நின்றுகொண்டு போனேன். இன்னும் ஐந்து வருஷம் தள்ளியிருந்தால் சித்தப்பாவும் இருந்திருப்பாரோ என்னவோ.

மீதி நாட்கள் சந்தோஷமாகப் போயிற்று. பத்துமலைக்குப் போனோம். 272 படி. 2006-ல் எழுப்பிய முருகன் சிலை 140 அடி உயரம். என் ஆத்துக்காரி கீழேயே நமஸ்காரம் பண்ணிவிட்டு, "அவனுக்கு என்னைத் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டாள். மலாயா தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். தம்பி காரில் அழைத்துப் போனார். ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்து, அதுவும் போய் இப்போது வரிசையாக வீடுகள். ஒரு பிள்ளையார் கோயில் மட்டும் பழையது. அங்கே தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். யுத்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்ததையும், தோட்டத்து ஜனங்களை சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதில் பல பேர் திரும்பி வராததையும் சித்தப்பா தம் அப்பாவிடம் கேட்டபடி சொன்னார். என் பிள்ளை எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டான்.

கிளம்பும் அன்று சித்தப்பா பஞ்சபாத்திரத்தைத் தாம் வைத்துக்கொண்டு, உத்தரணியை மட்டும் என் கையில் கொடுத்தார். "இது உன்கிட்ட இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது கொண்டு வா" என்றார். பஞ்சபாத்திரம் அங்கே, உத்தரணி இங்கே. இப்போது நான் வேறு பாத்திரத்தில் அந்த உத்தரணியைப் போட்டுத்தான் சந்தி பண்ணுகிறேன்.

முடிக்கும்முன் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வம்சாவளி எழுதுங்கள். ஆண்கள் பெயரோடு நிறுத்தாதீர்கள். பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம், அத்தைகள், அத்தங்காள்கள் எல்லாம் வரட்டும். எங்கள் மரத்தில் கொள்ளுப்பாட்டியின் பிறந்தகம் இன்னும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.

இரண்டு, குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். கன்னடம் அவசியம் படிக்கட்டும், நமக்குச் சோறு போட்ட ஊர். அதோடு நம் அகத்துக் கடிதத்தைப் படிக்கவும் தெரியட்டும். என் பேரன் இப்போது ஞாயிறுதோறும் என்னிடம் உட்காருகிறான். உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துக்கு வந்திருக்கிறோம். பாடம் வைப்பது நான், வாரம் ஒரு தடவை பரீட்சை வைப்பது மலேசியா அத்தை.

மூன்று, பதில் போடாத கடிதம் ஒன்று எல்லார் அகத்திலும் இருக்கும். பெட்டியில் இல்லாவிட்டால் மனசில் இருக்கும். வெட்கத்தினால் தள்ளிப் போடாதீர்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். யார் என்று சொன்னால் போதும். அந்தப் பக்கத்திலிருந்து "வாங்கோ" என்ற ஒரு வார்த்தை வரும்.